பயணப் பெட்டியில் ஒரு விளையாட்டுக் கணினி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் சொந்தத் தொழில் தொடங்குவது பற்றிப் பேசினார். கைதட்டல் அடங்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, அடிக்கடி பயணம் செய்கிறவர் வாங்க வேண்டிய கேமிங் லேப்டாப் எது என்பது. செயலாளர் போனில் சொன்னபோது, "இதெல்லாம் ஒரு தலைப்பாய்யா, வாத்தியார்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பாங்களே" என்று கேட்டேன். "வருஷத்தில் பாதி நாள் நீ வெளியூரில் இருக்கிறாய். கேம்பஸில் வேலை கிடைத்த பசங்க முதல் சம்பளத்தில் இதைத்தான் வாங்குகிறார்கள். ஒன்றரை லட்சம், ரெண்டு லட்சம் போகிறது. வந்து சொல்லிவிட்டுப் போ" என்றார். ஆகவே சொல்லிவிட்டுப் போகிறேன்.

வயசானவர்கள் இதை விளையாட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நாங்கள் படித்த காலத்தில், லேப் பூட்டும் நேரம் தாண்டியும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் ஒன்று உண்டு. அந்த விளையாட்டு 1999-இல் வந்தது. 2019-இல் அதைப் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டார்கள். அதன் பிறகு நாங்கள் ஆறு பேர் சனிக்கிழமை ராத்திரி தவறாமல் அதில் சந்தித்துக்கொள்கிறோம். ஒருத்தன் மஸ்கட்டில், ஒருத்தன் புனேயில், நான் எந்த சைட்டில் இருக்கிறேனோ அங்கே. போன் போட்டால் "என்னடா எப்படி இருக்கே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா" என்பதோடு மூன்று நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. ஆடிக்கொண்டே பேசினால் ரெண்டு மணி நேரம் போகிறது. ஒருத்தனுக்கு வேலை போனதும், இன்னொருத்தன் அப்பாவுக்கு ஆபரேஷன் என்பதும் அங்கேதான் தெரிந்தது. எனவே வெளியூர் அறையில் இந்தப் பெட்டி வேலை செய்கிறதா இல்லையா என்பது எனக்குக் கொஞ்சம் முக்கியமான விஷயம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் முதலில் எதைச் சொல்வார்? கிராபிக்ஸ் கார்டின் பெயரை. "சார், இது ஆர்டிஎக்ஸ் 4070 சார், அது 4060 சார்." பெயரைக் கேட்டு விலை கொடுக்கிறோம். மெக்கானிக்கல் பசங்களே, ஒரு மோட்டாரை வாங்கும்போது பெயரைப் பார்த்தா வாங்குவீர்கள்? எத்தனை கிலோவாட் என்று கேட்க மாட்டீர்களா? அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். லேப்டாப்பில் போடும் 4060, 4070 இரண்டுக்கும் என்விடியா கொடுத்திருக்கும் வரம்பு 35 வாட் முதல் 115 வாட் வரை. 2025-இல் வந்த 5060-க்கு 45 முதல் 100 வாட். எத்தனை வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் செய்யும் கம்பெனி தீர்மானிக்கிறது. மெல்லிய பெட்டியில் சூட்டை வெளியேற்ற இடம் குறைவு, ஆகவே குறைத்துக் கொடுப்பார்கள். ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர். உள்ளே ஓடும் சக்தியோ ஒன்றுக்கு மூன்று மடங்கு வித்தியாசப்படலாம். அதிக வாட் கொடுத்த 4060, குறைந்த வாட்டில் ஓடும் 4070-ஐ முந்துவதும் உண்டு. மேஜைக் கணினியோடு ஒப்பிட்டால் இன்னும் வேடிக்கை. மேஜைக் கணினியின் 4090-இல் 16,384 கோர்கள், 24 ஜிபி நினைவகம், 450 வாட். லேப்டாப்பில் அதே 4090 என்ற பெயரில் இருப்பது 9,728 கோர்கள், 16 ஜிபி, அதிகபட்சம் 150 வாட். பெயர் வைப்பதற்கு வரி கிடையாது போலிருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான கணக்கு. பயணம் செய்கிறவனுடைய லேப்டாப்புக்கு ஒரு வேலி இருக்கிறது. அதைப் போட்டது லேப்டாப் கம்பெனி இல்லை, விமானப் பாதுகாப்பு விதி. பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் யாரையும் கேட்காமல் விமானத்தில் எடுத்துப் போகலாம். 100-இலிருந்து 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணியோடு போகவே முடியாது. அதனால்தான் பெரிய லேப்டாப்கள் பலவற்றில் பேட்டரி 99, 99.9 என்று வேலியை உரசிக்கொண்டு நிற்கிறது. வாட்-மணி என்பது என்ன? 100 வாட்-மணி பேட்டரியில் 100 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். பெரிய விளையாட்டு ஒன்றை முழு வேகத்தில் ஓட்டினால் திரை, பிராசசர், கிராபிக்ஸ், விசிறி எல்லாம் சேர்த்து 100 வாட்டைச் சுலபமாகத் தாண்டும். ஆக, சட்டத்துக்கு உட்பட்ட எந்த லேப்டாப்பும் பேட்டரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முழு வேகத்தில் ஆட விடாது. விளம்பரத்தில் "பத்து மணி நேரம் பேட்டரி" என்று போடுவது வீடியோ பார்க்கும் கணக்கு. கம்பெனிகளும் பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் வாட்டைப் பாதியாக, அதற்கும் கீழாகக் குறைத்துத்தான் சமாளிக்கின்றன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? "பேட்டரி எவ்வளவு நேரம் வரும்" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "நான் ஆடும் விளையாட்டுக்கு எத்தனை வாட் வேண்டும், அந்த வாட் எனக்கு எங்கே கிடைக்கும்" என்று கேட்க வேண்டும்.

எங்கே கிடைக்கும் என்று பார்ப்போம். விமானத்தில் இருக்கைக்குக் கீழே உள்ள பிளக் பாயிண்ட் 180 வாட் அடாப்டரைத் தாங்குவதற்காக வைத்ததில்லை. கூடுதலாக இழுத்தால் தானே கட் ஆகிவிடும். ரயிலில்? தீ விபத்து பயத்தால் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயிண்டை அணைத்து வைப்பதை 2021-இல் மேற்கு ரயில்வே கண்டிப்பாக்கியது. நமக்கு ஓய்வு கிடைப்பதே அந்த நேரத்தில்தான்! பவர் பேங்க்? கணக்குப் போடுங்கள். 20,000 மில்லி ஆம்பியர்-மணி, பெருக்கல் 3.7 வோல்ட், 74 வாட்-மணி. 27,000 என்றால் 99.9, அதோடு வேலி வந்துவிட்டது. பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. இப்போது இன்னொரு சிக்கல். 2025 ஜனவரியில் தென் கொரியாவில் கிம்ஹே விமான நிலையத்தில் நின்றிருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்து எரிந்தது. அதற்குப் பிறகு கெடுபிடி அதிகம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டன. வைத்திருக்கலாம், சொருகக் கூடாது. நம் முன்னாள் மாணவர்களில் பாதிப்பேர் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது ஹோட்டல் அறைச் சுவர் மட்டும். அங்கே மின்சாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அடாப்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே! கடையில் லேப்டாப்பின் எடையைச் சொல்வார்கள், அடாப்டரின் எடையைச் சொல்ல மாட்டார்கள். நான் வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்ப்பேன்; என் வீட்டுக்காரம்மா மாவு நிறுக்கும் தராசு. பதினாறு, பதினெட்டு அங்குல கேமிங் லேப்டாப் என்றால் இரண்டரை, மூன்று கிலோ. அதன் 330 வாட் அடாப்டர் செங்கல் மாதிரி இருக்கும், கிட்டத்தட்ட ஒரு கிலோ. உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்புக் கைப்பைக்கு 7 கிலோதான். அதற்குள் ஆபீஸ் லேப்டாப்பும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆபீஸ் லேப்டாப்பில் விளையாட்டு ஏற்ற எந்த ஐடி டிபார்ட்மென்டும் விடாது. பாக்கி எடையில் வேட்டியா, சட்டையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆகவே பயணிக்கு ஏற்றது 14 அங்குலம், ஒன்றரை கிலோ சுற்றளவு என்பது என் அபிப்பிராயம். இந்த வகைக்கு வழி காட்டியது ஆசஸ் கம்பெனியின் ஜெஃபிரஸ் ஜி14. 2020-இல் முதலில் வந்தபோது அதில் கேமராவே கிடையாது. கொரோனா வந்து உலகமே வீடியோ காலில் உட்கார்ந்த வருஷம் பார்த்து! 2022 மாடலில் கேமரா வந்தது. 2024 மாடலை ஓர் உதாரணமாக எடுத்து, எப்படி எடை போடுவது என்று காட்டுகிறேன். எடை 1.5 கிலோ. பேட்டரி 73 வாட்-மணி, வேலிக்கு நன்றாக உள்ளேதான். திரை ஓஎல்இடி, 2880-க்கு 1800. கிராபிக்ஸ் 4060 அல்லது 4070, அதிகபட்சம் 90 வாட். இங்கேதான் நம் கணக்கு வேலை செய்கிறது. வரம்பு 115, கொடுத்திருப்பது 90. மீதி 25 வாட்டை எடைக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பயணிக்கு இது நல்ல பேரம். வீட்டிலேயே வைத்து ஆடுகிறவருக்கு மோசமான பேரம். ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. பின்னால் கூட்ட முடியாது. எனவே 16 ஜிபி வாங்கி அப்புறம் பாத்துக்கலாம் என்ற பேச்சே இல்லை, வாங்கும்போதே 32 வாங்க வேண்டும். எஸ்எஸ்டி-யை மட்டும் மாற்றலாம். 'பால்டர்ஸ் கேட் 3' என்ற ஒரு விளையாட்டுக்கே 150 ஜிபி இடம் கேட்கிறார்கள். வெளியூர் ஹோட்டல் வைஃபையில் அதை இறக்கிப் பாருங்கள், நீங்கள் ஊர் திரும்பும் நாளில் இறங்கி முடியும். ஒரு டிபி-க்குக் குறைவாக வாங்க வேண்டாம். புறப்படும் முன் வீட்டிலேயே எல்லாவற்றையும் இறக்கி, ஒரு தடவை இணையம் இல்லாமல் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

யூஎஸ்பி-சி வழியாகவும் இது சார்ஜ் ஏறும், 100 வாட் வரை. எனக்கு இது ஒன்றே பெரிய வசதியாகப் படுகிறது. கையடக்கமான 100 வாட் சார்ஜர் ஒன்று லேப்டாப், போன், ஹெட்செட் எல்லாவற்றுக்கும் போதும். பகலில் அதையே வைத்துக்கொண்டு, நீண்ட நாள் தங்கும் பயணத்துக்கு மட்டும் 180 வாட் அடாப்டரை எடுத்துப் போகலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: 100 வாட் சார்ஜரைச் சொருகிவிட்டுப் பெரிய விளையாட்டை முழு வேகத்தில் ஓட்டினால், சொருகியிருக்கும்போதே பேட்டரி மெதுவாக இறங்கும். அது கோளாறு இல்லை, கூட்டல் கழித்தல். அடாப்டரில் 100 - 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், ஜப்பானின் 100 வோல்ட்டும் சரி, நம்ம 230-ம் சரி, ஓடும். பின்தான் பிரச்சினை. துபாயிலும் சிங்கப்பூரிலும் சதுரப் பின். மூன்றாவது எர்த் பின்னோடு உள்ள நல்ல மாற்று பிளக் ஒன்று வாங்கிப் பையிலேயே போட்டுவிடுங்கள். எர்த் இல்லாமல் சொருகினால் சில இடங்களில் அலுமினிய உடம்பைத் தொடும்போது கூசும்.

அடுத்தது சூடு. கடை ஏசி-யில் லேப்டாப்பை ஐந்து நிமிஷம் ஓட்டிக் காட்டுவார்கள். எந்த லேப்டாப்பும் முதல் ஐந்து நிமிஷம் புது மாப்பிள்ளைதான். சிப் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறையின் சூடு எவ்வளவு கூடுதலோ அந்த நேரம் அவ்வளவு சீக்கிரம் வரும். நான் ராஜஸ்தானில் சோலார் சைட்டில் இருந்தபோது வெளியே 45 டிகிரி. கெஸ்ட் ஹவுஸ் ஏசி வேலை செய்கிற நாளில் ஒரு லேப்டாப், செய்யாத நாளில் வேறு லேப்டாப். ஆகவே அரை மணி நேரச் சோதனை பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். 3டிமார்க் என்ற மென்பொருளில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று உண்டு. ஒரே காட்சியை 20 தடவை ஓட்டி, வேகம் 97 சதவீதத்துக்குக் குறையாமல் நிலைத்தால்தான் பாஸ் போடும். விமர்சனங்களில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், உச்ச வேகத்தை அப்புறம் பார்க்கலாம். காற்று பெரும்பாலும் அடியிலிருந்து உள்ளே போகிறது. மெத்தை மேல் வைத்து ஆடினால் மூக்கைப் பொத்திவிட்டு ஓடச் சொல்வது மாதிரி. பிறகு விசிறிச் சத்தம். அறையில் இன்னொருத்தர் தூங்கும்போது அந்த ஜெட் சத்தம் வந்தால் மறுநாள் காலையில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. வாட்டைக் குறைத்து அமைதியாக ஓட்டும் முறை ஒன்று எல்லா கேமிங் லேப்டாப்பிலும் இருக்கும். அந்த முறையில் உங்கள் விளையாட்டு ஆடக்கூடியதாக இருக்கிறதா என்பதே பயணிக்கு உண்மையான பரீட்சை. நான் சனிக்கிழமை ஆடுவது அந்த முறையில்தான்.

பையில் வைக்கும்போது ஒரு விஷயம், இதைக் கவனமாகக் கேளுங்கள். இப்போதைய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில், மூடினால் முழுசாகத் தூங்குவதில்லை. போன் மாதிரி அரைத் தூக்கம். அப்டேட் ஏதாவது வந்தால் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு வேலை செய்யும். பையைத் திறந்தால் இட்லிப் பானை மாதிரி கொதிக்கும், பேட்டரியும் காலி. கிளம்பும் முன் ஹைபர்னேட் செய்யுங்கள், அல்லது ஷட் டவுன் செய்யுங்கள். என்றைக்காவது கைப்பையைப் பிடுங்கி செக்-இன்னில் போடச் சொன்னால் லேப்டாப்பை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியே இல்லாமல் பெட்டிக்குள் போக வேண்டியிருந்தால் ஷட் டவுன்தான். விமான விதிப்படி தூக்கமும் கூடாது, ஹைபர்னேட்டும் கூடாது. 2017 மார்ச்சில் துபாய், அபுதாபி, தோஹா உள்பட பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களில் கைப்பையில் லேப்டாப்பே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஜூலையில்தான் முழுசாக எடுத்தார்கள். விதி எப்போது வேண்டுமானாலும் மாறும், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. உங்களில் பலருக்கு கேமிங் லேப்டாப்பே தேவையில்லை. நான் ஆடும் 1999-இன் விளையாட்டுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். பிராசசரோடு வரும் கிராபிக்ஸ் போதும். 20, 25 வாட்டில் ஓடும், ஆகவே பேட்டரியிலேயே மூன்று மணி நேரம் வரும். 'சிவிலைசேஷன்' மாதிரி முறை வைத்து ஆடுவதும் அப்படித்தான். கட்டையும் எலியும் வேண்டாம், கையில் பிடித்து ஆடினால் போதும் என்பவருக்கு ரோக் அலை எக்ஸ் மாதிரிக் கையடக்கக் கருவி இருக்கிறது. 2024-இல் வந்தது. 678 கிராம், பேட்டரி 80 வாட்-மணி. பார்த்தீர்களா, ஜி14-ஐ விடப் பெரிய பேட்டரி, பாதிக்கும் குறைவான எடை, இழுக்கும் வாட்டோ மிகக் குறைவு. ஆபீஸ் லேப்டாப் ஏற்கெனவே பையில் இருக்கிறவருக்கு இது புத்திசாலித்தனம். பெரிய விளையாட்டுகளும் ஆட வேண்டும், வீடியோ எடிட்டிங், த்ரீடி டிசைன் என்று வேலையும் அதிலேயே என்றால் 14 அங்குல லேப்டாப்புக்குக் கொடுக்கும் காசு செல்லும். பத்து நாளைக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிற மாணவர்கள், ஹாஸ்டலில் ஒரே மேஜையில் வைத்து ஆடப்போகிறவர்கள், கொஞ்சம் கனமான 15, 16 அங்குலம் வாங்குங்கள். அதே வாட்டுக்கு விலை கணிசமாகக் குறைவு, ரேமும் பெரும்பாலும் கூட்டிக்கொள்ளலாம்.

வாரண்டியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், விற்கும்போது உலகம் முழுக்க வாரண்டி என்றார்கள். வெளிநாட்டில் ஒரு சைட்டில் அடாப்டர் போய், அவர்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனால், "இந்த மாடல் இங்கே விற்பதில்லை, இந்தியாவுக்குக் கொண்டு போங்கள்" என்றார்கள். மூன்று சனிக்கிழமை நான் இல்லாமலே ஆட்டம் நடந்தது. எந்த எந்த நாட்டில், எந்த எந்த பாகத்துக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறவர்களுக்கு: 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். ஆனால் அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி உண்டா என்ற அதே கேள்வி திரும்ப வரும்.

பின்வரிசையில் ஒரு தம்பி கை தூக்கினார், செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று. வாங்கலாம் தம்பி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்குத் தெரியும். புதிதாக இருந்தபோது எத்தனை வாட்-மணி, இப்போது எத்தனை என்று ரெண்டு எண்ணும் வரும். 73 இருந்தது 50 ஆகியிருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், அடியில் புழுதி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அசல் அடாப்டர் கூட வருகிறதா என்று கேளுங்கள். பேட்டரி லேசாக உப்பி டச்பேட் மேலே எழும்பியிருந்தால் தொடாமல் வந்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு விமானம் ஏறவும் கூடாது, வீட்டில் தலைமாட்டில் வைத்துத் தூங்கவும் கூடாது.

டீ ஆறுகிறது என்று செயலாளர் கை காட்டுகிறார். மாடல் பெயர் கேட்க வேண்டியவர்கள் கேன்டீன் பக்கம் வாருங்கள், சாவகாசமாகப் பேசலாம்.